பெட்டிச் சாவி அவளிடம்

அக். 11, சனி

விடிந்ததிலிருந்து தூறல். நனைத்துப் போட்ட லைனிங் துணி ஒன்றும் காயவில்லை. தீபாவளி ரவிக்கைகள் தலைக்கு மேல். இவர் கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு உட்கார்ந்திருக்கிறார், இன்னும் முறை வரவில்லை. தார்ப்பாய் போதவில்லை, வீட்டில் இருக்கும் பழையதைக் கொடுத்தனுப்பு என்று போன். அனுப்பினேன்.

நேற்று அம்மா வீட்டுக்கு அருளின் பெட்டி வந்தது.

தம்பி அருள்தாஸ் ஆகஸ்டில் போனான். மலைப் பாதையில் ராணுவ வண்டி புரண்டு. அடக்கத்துக்கு வந்த கூட்டம், துப்பாக்கி வேட்டு, எல்லாம் ஊரே பார்த்தது. அன்றைக்குக் கொடியை மடித்து அவன் மனைவி கையில் கொடுத்தார்கள். முறை அப்படி, பேசாமல் இருந்தேன். பெட்டி வேறு விஷயம்.

கறுப்புத் தகரப் பெட்டி. வெள்ளை பெயின்டில் பேர், நம்பர். ஒவ்வொரு லீவுக்கும் வந்து இறங்கியதும் அம்மா வீட்டுக் கூடத்தில் நட்டநடுவே வைப்பான். சாவியை என் பக்கம் எறிவான். "தொற அக்கா." நான்தான் திறப்பேன், நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பேன். முதல் லீவிலேயே அப்படி ஆகிப்போனது. மேலாக எனக்கென்று ஒன்று இருக்கும். மீரட்டில் இருந்தபோது வாங்கி வந்த கத்திரிதான் இன்றைக்கும் என் கடையில் வெட்டுகிறது.

கல்யாணத்துக்கு அடுத்த லீவில் சாவி அவள் கைக்குப் போனது. சுகன்யா. முத்துப்பேட்டைப் பக்கம், கடலுக்குப் போகிற குடும்பம். முழுப் பேர் எழுதக் கை வரவில்லை. இனி சு. போதும்.

பெட்டியோடு வந்த ஹவில்தார் மதுரைப் பக்கத்துக்காரர். "இங்க ஒரு கையெழுத்துமா" என்று அவளிடம் தாளை நீட்டினார். போட்டாள். சாவியைக் கொடுத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க?" அக்கா என்றேன். "அப்படீங்களா" என்றார், நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே.

சு. பெட்டியைத் திறக்கவில்லை. சாவியை, இன்னும் கழற்றாத தாலிக் கயிற்றில் கோத்துக்கொண்டாள்.

அக். 13, திங்கள்

வெயில். புழுக்கம்.

நன்னிலம் தாலுகா ஆபீஸ். வாரிசுச் சான்றிதழ் விசாரணை. சு., அம்மா, நான், மூவரும் ஆட்டோவில். இ-சேவை மையத்தில் பதிந்தது நான். வி.ஏ.ஓ. வீட்டுக்கு நடந்தது நான். ஜெராக்ஸ் கடையில் கரண்ட் போய், வரும்வரை நின்றதும் நான். அவள் மின்விசிறிக்குக் கீழே அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆர்.ஐ. கேட்டார், "இறந்தவருக்கு யாரு யாரு இருக்கீங்க?"

"சம்சாரம், அம்மா, அக்கா" என்றேன்.

"அக்கா வராதுங்க. கல்யாணம் ஆனவருல்ல. சம்சாரம், தாயார், அவ்வளவுதான்."

"வளர்த்தது நாங்க."

"அதுக்குக் கட்டம் இல்லீங்களே" என்றார். தன்மையான மனுஷர். அதனால் திட்டவும் முடியவில்லை.

ஆனவை: இறப்புச் சான்று, ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம். 
ஆக வேண்டியவை: முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு நடை. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து எடுத்த போட்டோ. எண்ணெய், உளுந்து.

போட்டோவைச் சொல்ல வேண்டும். என்னிடம் அவன் போட்டோ ஆல்பம் ஆல்பமாக இருக்கிறது. நற்கருணை வாங்கிய நாள், பல்லில்லாத சிரிப்பு, ஆள் எடுப்புக்குப் போய்த் தேறி வந்து என் தோளில் கை போட்டு நின்றது. ஒன்றும் செல்லாது. அவளிடம் கல்யாண போட்டோ இருக்கிறது. அது செல்லும்.

பொறாமைதான். வேறு பேர் இதற்கு இல்லை. எனக்கென்று பிள்ளை இல்லை. அம்மா அறுவடைக்கும் நடவுக்கும் போன நாளெல்லாம் இடுப்பில் இருந்தவன் அவன். அதற்குக் கட்டம் இல்லையாம்.

அக். 16, வியாழன்

காலையில் ஆறு ரவிக்கைக்கு ஹெம்மிங். மதியம் கடையைச் சாத்திவிட்டுத் திருவாரூர்.

கல்லறைக் கல்லுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். ஊரே சுண்ணாம்பு அடித்து, பூப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றி வைத்திருக்கும்போது அவன் இடம் மட்டும் வெறும் மண் மேடாக இருக்கக் கூடாது. "புது மண்ணு இறங்கும். இப்போதைக்குப் பலகை மட்டும் படுக்க வைப்போம், கட்டடம் பொறவு" என்றார் கடைக்காரர். சரி என்றேன்.

என்ன எழுத்து வெட்ட வேண்டும் என்று தாளும் பேனாவும் கொடுத்தார். மேலே சிலுவை. ஆண்டவரில் இளைப்பாறுகிறார். அவன் பேர், நம்பர், பிறப்பு, இறப்பு. கீழே, "என்றும் நினைவில்" என்று போட்டு, அன்புத் தாய் சவுரியம்மாள். அன்பு அக்கா லூர்துமேரி.

அங்கேயே பேனாவை மூடினேன்.

"அவருக்குச் சம்சாரம்?" என்றார்.

"அந்தப் பொண்ணு ஞானஸ்நானம் வாங்கல. நம்ம கல்லறையில எழுத மாட்டாங்க" என்றேன். அப்படி ஒரு சட்டமும் கிடையாது. சாமியாரே அனுமதி வாங்கிக் கோயிலில் வைத்துத்தான் தாலி கட்டவைத்தார். தெரிந்துதான் சொன்னேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. திரும்புகிற வழியெல்லாம் மனசு குளுகுளுவென்று இருந்தது. தாசில்தார் தாளில் எனக்கு இடமில்லை, கல்லில் அவளுக்கு இடமில்லை. தாள் கிழியும்.

அக். 20, திங்கள். தீபாவளி

மழை விட்டுவிட்டு. வெடிச் சத்தம் பாதி நனைந்துபோய்க் கேட்கிறது. எதிர்வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. கடை ஒருவழியாக ஓய்ந்தது. ஒரு ரவிக்கை மட்டும் கை பிடிக்கிறது என்று திரும்பி வந்திருக்கிறது. பிடிக்கத்தான் செய்யும், அளவு கொடுத்தபோது இருந்த கை இப்போது இல்லை.

அம்மா வீட்டுக்கு சு.வின் அப்பா வந்தார், நானும் அங்கே இருந்தேன். துக்கம் இருப்பதால் பண்டிகை இல்லை, சும்மா பார்க்க. நண்டும் இறாலும் வாழையிலையில் சுற்றிப் பையில். சு. குழம்பு வைத்தாள். எனக்கும் ஒரு தூக்கில் எடுத்து வைத்தாள். எங்கள் அம்மா நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டு, "கடல்காரங்க கை கடல்காரங்க கைதான்" என்கிறாள். நான் முப்பது வருஷமாக மீன் குழம்பு வைக்கிறேன். அதற்கு ஒரு வார்த்தை வந்ததில்லை.

குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

அவள் அப்பா புறப்படும்போது கேட்டார், "பொண்ண அழைச்சிட்டுப் போவட்டுங்களா, கொஞ்ச நாளைக்கு?" சு. மாட்டேன் என்றாள். "பெட்டி இங்க இருக்குப்பா."

இவரிடம் சொன்னேன், பார்த்தீர்களா, பெட்டியைக் காவல் காக்கிறாள் என்று. இவர் நெல்லை விற்றுவிட்டு வந்த களைப்பில் இருந்தார். "உனக்குப் பெட்டி வேணுமா, அவன் வேணுமா" என்றார். ரெண்டும் என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக். 24, வெள்ளி

மூட்டம். மழை இல்லை. வடக்குத் தெருப் பக்கம் நடவு ஆட்கள் சத்தம்.

சு. கடைக்கு வந்தாள். வந்ததே இல்லை. ரவிக்கை தைக்கவோ என்று நினைத்தேன். சாவியைக் கழற்றித் தையல் மெஷின் மேல் வைத்தாள்.

"பெட்டிய நீங்கதான் தொறக்கணும் அண்ணி."

"உன்கிட்ட குடுத்த சாவி. நீயே தொற."

"போன லீவுல என் கையில குடுத்தாரு. நான் தொறந்தேன். நீங்க வாசப்படியிலயே நின்னுட்டுப் போயிட்டீங்க. அப்பவே அவருகிட்ட சண்ட போட்டேன், ஏன் என்கிட்ட குடுத்தீங்கன்னு."

பாபின் நூல் சுற்றினேன். சுற்றியதையே மறுபடி சுற்றினேன்.

"நான் தனியா தொறந்தா எது என்னன்னு எனக்கு யாரு சொல்லுவா? உங்களுக்கு அவர பொறந்ததுலேருந்து தெரியும். எனக்கு ரெண்டு லீவு."

கடையைச் சாத்தினேன்.

அம்மா வீட்டுக் கூடம். அதே இடம். நான் திறந்தேன். சாவி துவாரத்தில் ஏறவில்லை, அவள் பெட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டாள். மேலாக என்ன இருக்கும் என்று பார்த்தேன். பெட்ஷீட். அடுக்கியது அவனில்லை, யூனிட்டில் யாரோ. அது எனக்குத் தோன்றவே இல்லை இத்தனை நாளும். மேலே எது, கீழே எது என்பதில் அவன் கை இல்லை.

இருந்தவை: யூனிபார்ம், பெல்ட், கனமான பூட்ஸ். உல்லன் சாக்ஸ். தகர மக். புதிய ஏற்பாடு, சின்னது. ஜெபமாலை. ஷேவிங் செட். ஊறுகாய் பாட்டில், காலி, கழுவியது. ஊசி நூல் பை.

ஒவ்வொன்றுக்கும் அவள், "இது?" என்பாள். சாக்ஸ் குதிகாலில் இழை ஓட்டியிருப்பது நான் என்றேன். மக், அப்பா காலத்தது. ஊறுகாய் பாட்டில் அம்மா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய். சட்டைப் பொத்தான் அவனே தைத்தது, நான் சொல்லிக் கொடுத்தபடி நாலு சுற்றுச் சுற்றி முடிந்திருக்கிறான் பார் என்றேன். அவள் பொத்தானைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சொல்லச் சொல்ல எனக்குக் கொஞ்சம் குறைந்துபோவது மாதிரி இருந்தது. என்னிடம் மட்டும் இருந்ததெல்லாம் அவளிடமும் போகிறது.

அதனால் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ஷேவிங் செட்டோடு ஒரு வெள்ளைக் கட்டி, தேய்ந்து சில்லாக. சோப்பு என்று நினைத்து அவள் திரும்ப வைத்தாள். சோப்பில்லை. என் கடைச் சாக்பீஸ், துணியில் கோடு போடுவது. லீவு முடிந்து கிளம்பும்போதெல்லாம் மெஷின் டிராயரிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வான். யூனிட்டில் பாதிப் பேருக்குப் பேன்ட் கால் மடித்துக் கொடுப்பது அவன்தானாம். நான் திருத்தவில்லை. அது என்னோடு இருக்கட்டும்.

அடியில் ரெண்டு சால்வை. பிளாஸ்டிக் கவர் பிரிக்காதது. ஒன்று அரக்கு, ஒன்று பச்சை. அடுத்த லீவுக்கு வாங்கி வைத்திருக்கிறான்.

ரெண்டு சால்வை. நாங்கள் மூன்று பேர்.

அம்மாவுக்கு ஒன்று, பெண்டாட்டிக்கு ஒன்று, வேறென்ன. ஆர்.ஐ. சொன்ன அதே கணக்கு. முகம் சுட்டது. எழுந்து போய்விடலாம் என்று காலை மடக்கினேன். அதற்குள் சு. அரக்கை அம்மா மடியில் வைத்தாள். பச்சையை என் மடியில் வைத்தாள்.

"எனக்கு வேணான்னு போன்ல நாந்தான் சொன்னேன் அண்ணி. எங்க ஊரு வெக்கையில சால்வைய வச்சு என்ன பண்றது."

அக். 25, சனி

நல்ல மழை. கடை திறக்கவில்லை.

சால்வையைப் போர்த்திப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பச்சை எனக்குப் பிடித்த நிறம், அவனுக்குத் தெரியும். சந்தோஷப்பட வேண்டியதுதானே.

ஆனால் போன மாதம் ஒரு நாள் மழையில் சு. எங்கள் அம்மாவின் கிழிந்த கம்பளியைச் சுற்றிக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். குளிர் தாங்காதவள். வேண்டாம் என்று சொல்லியிருக்கவே மாட்டாள். எதைச் சொன்னால் நான் வாங்கிக்கொள்வேன் என்று கூட்டிக் கழித்து, நின்ற நிலையில் ஒரு பொய் சொல்லியிருக்கிறாள்.

கொடுப்பதிலும் முந்திக்கொண்டாள். இதற்கும் வயிறு எரிகிறதே எனக்கு, நான் என்ன ஜென்மம்.

கல் ஞாபகம் வந்தது. போன் போட்டேன். "எழுத்து முடிஞ்சிருச்சும்மா, பாலீஷ்தான் பாக்கி. ஜம்முனு வந்திருக்கு" என்றார்.

அக். 27, திங்கள்

திருவாரூர். முதல் பஸ்.

கல் நன்றாகத்தான் இருக்கிறது. கறுப்பு, முகம் தெரிகிறது. கடைசி வரியில் என் பேர். பார்க்க ஆசையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இப்படி வெட்டிப் பதித்து என் பேரை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

"சம்சாரம் பேரச் சேக்கணும்."

"அன்னிக்கே கேட்டேனே. கீழ எடமில்ல, அது சிமென்ட்டுக்குள்ள போற பாகம். மேல சிலுவை. ஒரு வரிய தேச்சு எடுத்தா அங்க வெட்டலாம். பள்ளம் விழும், சொல்லிட்டேன். ஓரத்துல ரொம்ப ஓட்ட முடியாது, பிஞ்சிரும்." அப்புறம், "அம்மா பேரா, உங்க பேரா?"

புதுக் கல் சொல்லலாமா என்று கேட்டேன். திருநாளுக்குள் ஆகாதாம். திருநாளுக்கு அப்புறம் ஆகட்டும், இந்த வருஷம் மண் மேடாகவே இருக்கட்டும், அல்லது இந்தக் கல்லே இருக்கட்டும், கேட்டால் கடைக்காரர் மறந்துவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம். எல்லாம் யோசித்தேன். டீ வாங்கிக் கொடுத்தார், ஆறிப் போனது.

"என் பேரை" என்றேன்.

தாள் கொடுத்தார். அன்பு மனைவி சுகன்யா. முழுப் பேரும் எழுதினேன். மிஷினை ஓட்டியபோது வெளியே வந்து நின்றுகொண்டேன். சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

இவரிடம் மட்டும் சொன்னேன். "ம்" என்றார். கொஞ்சம் கழித்து, சாப்பிட்டாயா என்றார். அவர் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை.

அக். 30, வியாழன்

மேகம். பட்டன் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

வாரிசுச் சான்றிதழ் வந்தது. ரெண்டு பேர். படித்துப் பார்த்து ஜெராக்ஸ் எடுத்து, யூனிட்டுக்கு அனுப்பும் கவரில் வைத்தேன். இம்முறையும் குத்தியது, ஆனால் பழகிய குத்து.

சு. பெட்டியிலிருந்த யூனிபார்மை மடிக்கிற விதம் கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். சட்டையின் கையை மட்டும் தப்பாக மடிக்கிறாள். அதையும் திருத்தினேன்.

நவ. 1, சனி

காலைப் பூசை. வெயில் அடித்தது, பிழைத்தோம். இவரும் கல் கடை ஆட்களும் கல்லைப் படுக்க வைத்தார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. செவ்வந்தி, கோழிக்கொண்டை, மெழுகுவத்தி வாங்கினேன்.

நவ. 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்

மத்தியானம் ஒரு பாட்டம் மழை, மந்திரிப்புக்கு முன் விட்டது. கல்லறை முழுக்க சேறு, பூ, மெழுகு வாசம். சாமியார் ஒவ்வொரு குழியாக வந்து தீர்த்தம் தெளித்தார். அம்மா அரக்குச் சால்வையில். நான் பச்சையைப் போர்த்திக்கொள்ளவில்லை, பையில் கொண்டுபோனேன்.

சுகன்யா மெழுகுவத்தியோடு சூடமும் கொண்டு வந்திருந்தாள். எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். பக்கத்துக் குழிக்காரர்கள் பார்த்தார்கள். கால்மாட்டில் ஏற்று என்றேன், நான் சொன்னால் யார் என்ன கேட்பது.

பிறகு கல்லைப் படித்தாள். மழைத் தண்ணீர் கல்லெல்லாம் வடிந்துவிட்டது, கடைசி வரியில் மட்டும் நின்றது. முந்தானையால் ஒற்றி எடுத்தாள். விரலை அந்தப் பள்ளத்தில் வைத்துத் தன் பேர் மேல் ஓட்டிக்கொண்டே போனாள். ஓரத்துக்கு வந்ததும் நின்றது. அங்கே மிஷின் சரியாக ஓடவில்லை. என் பேரின் கடைசி எழுத்தில் ஒரு வால், லேசாக.

"உங்க பேரு எங்க அண்ணி?"

"எடமில்லன்னுட்டாங்க."

விரலை அங்கேயே வைத்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. தெரிந்துவிட்டது அவளுக்கு. எது மேல் எது வெட்டியிருக்கிறது, யார் பேர் முதலில் இல்லாமல் இருந்தது, எல்லாமே தெரிந்திருக்கும். முட்டாள் இல்லை அவள்.

நின்றுகொண்டிருக்க முடியாமல் எதையாவது பேச வேண்டுமே என்று, "பெட்டியில இருக்கறது சோப்பு இல்ல. என் சாக்பீஸ். எங்கிட்டேருந்து எடுத்துட்டுப் போவான்" என்றேன்.

"அதான் நுரையே வரலியா" என்றாள். "முந்தாநாள் மூஞ்சில தேச்சேன்."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவளுக்கும். அம்மா திரும்பிப் பார்த்து, கல்லறையில் என்ன சிரிப்பு என்று அதட்டினாள். சிரித்து அடங்கியபோது ரெண்டு பேருக்கும் மூக்கு ஒழுகியது. காற்று ஈரமாக அடித்தது. அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். பையிலிருந்த பச்சையை எடுத்து அவள் மேல் போட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

புறப்படும்போது, "கல்லுல இருக்கற அந்த மிச்சத்தயும் தேய்க்கச் சொல்லிடாதீங்க அண்ணி" என்றாள்.

சொல்ல மாட்டேன். அந்த வால் என்னுடையது. சால்வை அவளுக்கு, சாவி அவளுக்கு, வரி அவளுக்கு. அதை மட்டும் தர மாட்டேன்.